ஏரியில் கார்ப் கெண்டை பிடிக்க: இரையும் தூண்டில் கட்டும் – முழுமையான வழிகாட்டி

கார்ப் கெண்டை இரையைக் கவ்வாது; உறிஞ்சும். குழாய் போல நீளும் உதட்டை அடித்தரையில் வைத்து நீர், சேறு, இரை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உள்ளே வாங்கும். எது தீனி, எது கல் என்று வாய்க்குள் பிரித்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்ததைத் துப்பிவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். தக்கை ஆடியதா இல்லையா என்று கரையில் நாம் யோசிப்பதற்குள் முள் உள்ளே போய் வெளியேயும் வந்திருக்கும்.

கீழே வரும் முள் அளவு, ஈயத்தின் எடை, இரையின் கடினம் என எல்லாமே அந்தத் துப்பலைச் சமாளிக்கத்தான். அதை மனதில் வைத்துப் படித்தால், உங்கள் ஏரிக்கு ஏற்றபடி அளவுகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வழிமுறைகள் சாதாக் கெண்டைக்கும், அதன் வகையான மிரர் கார்ப்புக்கும் பொருந்தும். புல் கெண்டையும் இவற்றில் பலவற்றுக்கு மாட்டும். வெள்ளிக் கெண்டை வேறு கதை. அது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். அதற்கு மக்காச்சோளம் போட்டுக் காத்திருப்பது வீண்.

மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். மீன் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கட்டும் வேலைக்கு ஆகாது. கோலை எடுக்காமல் கரையோரம் நடந்து பாருங்கள். அடியில் தோண்டித் தின்னும் கெண்டை பொடிப்பொடியாகக் குமிழிகளைக் கிளப்பும். அந்தக் குமிழிக் கூட்டம் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் மீன்தான். ஒரே இடத்தில் நின்று எப்போதாவது ஒரு பெரிய குமிழி மட்டும் வந்தால், அது சேற்றில் அடைபட்ட வாயு. தெளிந்த நீரில் ஓரிடம் மட்டும் கலங்கியிருப்பது, காற்றே இல்லாதபோது நாணல் தண்டுகள் ஆடுவது, மீன் துள்ளி விழுவது ஆகியவையும் நல்ல அடையாளங்கள்.

காற்று ஒரே திசையில் ஓரிரு நாள் அடித்தால், அது மோதும் கரைப்பக்கம் தீனி ஒதுங்கும். மீனும் பின்னாலேயே வரும். முகத்தில் காற்று அடிக்கும் கரை உட்கார வசதியில்லைதான், ஆனால் பெரும்பாலும் அதுதான் சரியான கரை. குளிர்காலத்துக் குளிர்காற்றுக்கு மட்டும் இது பொருந்தாது.

நீரின் வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது கெண்டை நன்றாகத் தின்னும். 10 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, நாளுக்குச் சில வாய்தான் தின்னும். கடும் வெயிலில் நீர் அதிகம் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். அப்போது மேல்நீரில் சும்மா மிதக்கும் மீன் அடியில் போட்ட இரையைத் திரும்பியும் பார்க்காது.

அடித்தரையை அறிய நரம்பில் வெறும் ஈயத்தை மட்டும் கட்டி வீசுங்கள். நரம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் ஈயம் தரையைத் தொடுவது கைக்குத் தெரியும். 'டொக்' என்று தட்டினால் கெட்டித் தரை அல்லது சரளை. மெத்தென்று இறங்கி, இழுக்கும்போது சற்று ஒட்டிக்கொண்டு விட்டால் சேறு. எதுவுமே தெரியாமல் மிதப்பாக நின்று, இழுத்தால் மாட்டிக்கொண்டால் நீர்ச்செடி. செடிக் கூட்டத்துக்கு நடுவே உள்ள கெட்டித் தரை, ஆழம் சட்டென்று மாறும் சரிவு, அல்லி இலைகளின் விளிம்பு, நீர் வந்து விழும் வாய் ஆகியவைதான் தேட வேண்டிய இடங்கள்.

கோல், ரீல், நரம்பு

கோல் 12 அடி, டெஸ்ட் கர்வ் 2.75 பவுண்டு. எந்த எடையில் கோலின் நுனி செங்கோணமாக வளைகிறதோ அதுதான் டெஸ்ட் கர்வ். அது எத்தனை பவுண்டோ அத்தனை அவுன்ஸ் ஈயத்தை அந்தக் கோல் வசதியாக வீசும் என்பது தோராயக் கணக்கு. 2.75 பவுண்டு கோலுக்கு ஏறத்தாழ 80 கிராம் வரும். சிறிய ஏரிக்கு 10 அடிக் கோலே போதும்.

ரீல் 4000 அல்லது 5000 அளவு. இதில் முக்கியமானது டிராக், அதாவது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி. தயங்காமல், திக்கித் திக்கி விடாமல் வழுக்கிக்கொண்டு விட வேண்டும். நரம்பு 0.30 முதல் 0.35 மி.மீ. நைலான். ஸ்பூலின், அதாவது ரீலில் நரம்பு சுற்றும் உருளையின், விளிம்புக்கு 1 முதல் 2 மி.மீ. கீழ்வரை சுற்றுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வீசும்போது சுருள் சுருளாகக் கொட்டிச் சிக்கும். குறைவாக இருந்தால் தூரம் போகாது. பின்னல் நரம்பு நீளாது என்பதால் கடி நன்றாகத் தெரியும். அதே காரணத்தால் மீனின் திடீர் உதறலைத் தாங்காமல் முள் பிய்த்துக்கொண்டு வரும். பழகும்வரை நைலானே நல்லது.

எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடாகி, முடிச்சு இடத்திலேயே பலம் இழக்கும். பெரிய மீன் போன பிறகு நரம்பின் நுனி சுருள் சுருளாகச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்து வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஹேர் ரிக்: இரை முள்ளில் இருக்காது

இரையை முள்ளிலேயே குத்தினால் முள் முனை இரைக்குள் புதைந்துவிடும். கெண்டை துப்பும்போது முள்ளும் இரையும் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: இரையை முள்ளுக்கு வெளியே ஒரு தலைமுடியில் தொங்கவிட்டார்கள். முள் முழுதாக வெற்றாக இருப்பதால் மீன் துப்பும்போது இரை முன்னால் போகும், பின்னால் வரும் முள் முனை கீழுதட்டில் தைக்கும். இப்போது யாரும் தலைமுடி கட்டுவதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வேண்டியவை: 15 முதல் 25 பவுண்டு பலமுள்ள பின்னல் முள் நரம்பு (முள்ளைக் கட்டும் குட்டை நரம்பு) 35 செ.மீ., முள், இரை கோர்க்கும் ஊசி, இரை கழலாமல் தடுக்கும் சிறு ஸ்டாப்பர், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு வளையம்). முள் எண் ஏற ஏற அளவு குறையும் என்பது நினைவிருக்கட்டும். 15 மி.மீ. இரை உருண்டைக்கு (செய்முறை கீழே வரும்) 6ஆம் எண், 20 மி.மீ. உருண்டைக்கு 4, இரண்டு மக்காச்சோள மணிக்கு 8 அல்லது 10.

1. நரம்பின் ஒரு நுனியில் 5 மி.மீ. அளவில் சிறு கண்ணி போட்டு முடியுங்கள்.

2. ஊசியை இரைக்குள் நுழைத்து, அதன் கொக்கியில் கண்ணியை மாட்டி, இரையை நரம்பின் மேல் இழுத்துவிடுங்கள். கண்ணிக்குள் ஸ்டாப்பரை வைத்து இரையை அதன்மேல் அமர்த்துங்கள்.

3. நரம்பின் மறுநுனியை முள்ளின் காதுக்குள் முதுகுப் பக்கத்திலிருந்து நுழையுங்கள். முள் முனை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் முதுகு.

4. இரைக்கும் முள் வளைவுக்கும் இடையே 5 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கும்படி இழுத்துச் சரிசெய்து, இரை தொங்கும் நரம்பை முள் தண்டோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

5. மறுநுனியால் தண்டையும் அந்த நரம்பையும் சேர்த்து, காதிலிருந்து வளைவை நோக்கி 7 அல்லது 8 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

6. அதே நுனியை மீண்டும் முதுகுப் பக்கத்திலிருந்தே காதுக்குள் நுழைத்து, நனைத்து, இறுக்குங்கள்.

கடைசிப் படியில்தான் பலரும் தவறுகிறார்கள். நுனியை முன்பக்கத்திலிருந்து நுழைத்துவிட்டால் பார்க்கக் கட்டு சரியாகவே தெரியும். ஆனால் நரம்பை இழுக்கும்போது முள் உதட்டை நோக்கித் திரும்பாது. சரியாகக் கட்டினால் நரம்பு முள் முனையின் பக்கமாக வெளியே வரும்.

மீதி நரம்பின் நுனியில் ஸ்விவலைக் கட்டுங்கள். முள்ளிலிருந்து ஸ்விவல்வரை 15 முதல் 20 செ.மீ. போதும். சேற்றுத் தரையில் ஈயம் அமுங்கிப் போகும், இரையையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அங்கே 25 செ.மீ. வையுங்கள்.

வீசும் முன் ஒரு சோதனை: கட்டிய முள்ளை உள்ளங்கையில் வைத்து, முள் நரம்பைப் பிடித்து விரல் நுனிகளைத் தாண்டி மெதுவாக இழுங்கள். முள் தானாகப் புரண்டு முனையைக் கீழ்நோக்கித் திருப்பி, விரல் தோலைத் தொட்டு நிற்க வேண்டும். புரளாமல் வழுக்கி விழுந்தால், முள்ளின் காதின் மேல் 1 செ.மீ. சுருங்கு குழாய் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, முள் முனைப் பக்கம் சற்று வளைத்துவிடுங்கள். அப்போதும் புரளாவிட்டால் பெரும்பாலும் இரை முள்ளுக்கு மிகப் பெரிதாக இருக்கும்.

முனையின் கூர்மைக்கு நகம்தான் அளவுகோல். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை எடையே இல்லாமல் வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மழுங்கியது, கீறிக்கொண்டு நின்றால் கூரானது.

ஈயம்

ஹேர் ரிக் தனியாக வேலை செய்யாது. ஈயத்தோடு சேர்ந்தே வேலை செய்யும். இரையை உறிஞ்சிய மீன் தலையைத் தூக்கியதும் முள் நரம்பு இறுகும். மறுமுனையில் 80 கிராம் ஈயம் அசையாமல் கிடந்தால் அந்த எடையே முள்ளைத் தைக்கும். குத்துப்பட்ட மீன் வெருண்டு ஓடும்போது முள் இன்னும் ஆழமாக இறங்கும். ஈயம் 30 கிராம்தான் என்றால் மீன் அதையும் தூக்கிக்கொண்டு சாவகாசமாகத் துப்பிவிடும். இந்தக் கட்டுக்கு எடை குறைந்தால் கடியும் குறையும்.

ஈயத்தை லீட் கிளிப்பில், அதாவது ரீல் நரம்பில் கோர்க்கும் பிளாஸ்டிக் கொக்கியில், மாட்டி, பின்னால் ரப்பர் வாலைச் செருகுங்கள். ரப்பரை முழு பலத்தோடு அழுத்தாதீர்கள். நரம்பு அறுந்தால் ஈயம் கழன்று விழ வேண்டும், இல்லாவிட்டால் மீன் அதைச் சுமந்துகொண்டே செடியில் சிக்கிச் சாகும். கையால் இழுத்தால் சற்று முயற்சியோடு கழன்றுவர வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

இரை

அவித்த தானியமே முதல் இரை. மலிவு, மீனுக்குப் பிடிக்கும், ஊசியில் நன்றாக நிற்கும். மக்காச்சோளத்தை 24 மணி நேரம் ஊறவைத்து, 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அதே நீரில் ஆறவிடுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே ஓரிரு நாள் கிடந்து லேசாகப் புளித்தால் வாசம் இன்னும் கூடும். கொண்டைக்கடலை 12 மணி நேரம் ஊறி 20 நிமிடம் வெந்தால் போதும். விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், பிளக்கக் கூடாது. டைகர் நட் என்னும் சிறு கோரைக்கிழங்குக்கும் 24 மணி நேர ஊறலும் 30 நிமிடக் கொதியும் கட்டாயம்.

ஊறாத, வேகாத தானியத்தை ஏரியில் எறியவே எறியாதீர்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது; தொண்டைப் பற்களால் நசுக்கியது நேராகக் குடலுக்குப் போகும். உலர்ந்த தானியம் அங்கே போய் உப்பினால் மீனுக்குக் கேடு. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் கூடாது, அதில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கலாம்.

சின்ன மீன்கள் நிறைந்த ஏரியில் மக்காச்சோளம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அங்கே முட்டையில் பிசைந்து அவித்த உருண்டை வேண்டும், அதாவது பாய்லி. கொதிநீரில் முட்டை இறுகி வெளித்தோல் கெட்டியாகிவிடுவதால் குஞ்சு மீன்களால் கொத்த முடியாது. கெண்டை மட்டும் தொண்டைப் பற்களால் நொறுக்கும்.

செய்முறை: ரவை 200 கிராம், சோயா மாவு 200 கிராம், மீன் தூள் 100 கிராம். முட்டை 5. முதலில் முட்டைகளை உடைத்து அடித்து, வாசனை சேர்ப்பதானால் அதிலேயே கலந்துகொள்ளுங்கள். பிறகு மாவுக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், மாவு மிஞ்சினாலும் பரவாயில்லை. ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் வைத்தால் ரவை ஈரத்தை இழுத்து இன்னும் இறுகும். 15 மி.மீ. உருண்டைகளாக உருட்டி, தளதளவென்று கொதிக்கும் நீரில் 30, 40 ஆகப் போட்டு 90 நொடி முதல் 2 நிமிடம் வரை அவியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கி, தோல் இறுகாமல் வழவழவென்று வரும். 5 நிமிடம் அவித்தாலோ ரப்பர் போலாகி, வாசம் உள்ளேயே அடைந்துவிடும். துணியில் பரப்பி ஒரு நாள் உலர்த்துங்கள். வெடிப்பு விட்டால் மாவில் ஈரம் போதவில்லை; அடுத்த முறை இன்னொரு முட்டை சேருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தளர்வாகக் கிடக்கும் தீனி உறிஞ்சியவுடன் எழும்பும். முள்ளின் எடை சேர்ந்த இரை அப்படி எழும்பாது. பலமுறை பிடிபட்டு விடுபட்ட மீன் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும். ஊசியில் இரண்டு மக்காச்சோள மணியோடு ஒரு சிறு துண்டு மிதவை நுரையையும் கோர்த்து, ஒரு கிண்ணம் நீரில் போட்டுப் பாருங்கள். முள் தரையில் படுத்து, இரை அதன்மேல் தள்ளாடி நிற்கும்வரை நுரையைக் கத்தரியுங்கள்.

தூவும் தீனி

கூடுதலாகப் போட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. வெதுவெதுப்பான நீரில் தொடக்கத்துக்கு இரண்டு கைப்பிடி, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஒரு கைப்பிடி. குளிர்நீரில் 10, 15 சோள மணிகள் போதும். முள்ளைச் சுற்றி ஒரு மேஜை அளவுக்குள் விழட்டும். ஏரி முழுக்க இறைத்தால் மீனும் ஏரி முழுக்க மேயும்.

தூரத்துக்கு வீச மெத்தட் ஃபீடர் நல்லது. அது 30 முதல் 40 கிராம் எடையுள்ள சட்டம். தீனியை அதன்மேல் அச்சில் அழுத்தி, முள்ளை நடுவில் பதித்து வீச வேண்டும். முள் நரம்பு 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இதில் எல்லாமே தீனியின் ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. ரொட்டித் தூளோ மீன் தீவனத் தூளோ, நீரைத் தெளித்துக் கலந்து 15 நிமிடம் விடுங்கள். அது நீரைக் குடித்து மறுபடி உலர்ந்து தெரியும்; இன்னும் கொஞ்சம் தெளித்துச் சல்லடையில் சலியுங்கள். ஒரு கையால் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் உதிர வேண்டும். உதிராமல் நசுங்கினால் ஈரம் அதிகம். தரையில் அரை மணி நேரம் கட்டியாகவே கிடக்கும், முள்ளும் அதற்குள்ளேயே கிடக்கும்.

வீச்சு

தேர்ந்த இடத்துக்கு வெறும் ஈயத்தை வீசி, நரம்பை ஸ்பூல் கிளிப்பில் (ஸ்பூலின் பக்கத்தில் உள்ள சிறு பிடி) மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு வீச்சும் அதே தூரத்தில் நிற்கும். ஈயம் நீரைத் தொடும் முன் ஸ்பூலில் விரலை வைத்து வேகத்தைக் குறையுங்கள். ஈயம் பின்தங்க, இரை முன்னால் நீண்டு விழும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் முள் நரம்பு ரீல் நரம்பில் சுற்றிக்கொள்கிறது. மணிக்கணக்காகக் கடியே இல்லை என்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். சுருட்டிப் பார்க்கும்வரை தெரியவும் தெரியாது.

விழுந்ததும் நரம்பைக் கிளிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மறந்தால், ஓடும் மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போகும்.

பக்கத்திலேயே மீன் இருந்தால்

கரையிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால் கனத்த ஈயம் எதற்கு? தக்கையே போதும். ஆழத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாகத் தக்கையை வைத்து, முள்ளிலிருந்து 5 செ.மீ. மேலே பிளவுள்ள ஒரே ஒரு சின்ன எடையை நரம்பில் அழுத்தி மாட்டுங்கள். நரம்பை இறுக்கினால் தக்கை நிமிரும். கெண்டை இரையைத் தூக்கும்போது எடையும் கூடவே எழும்பும். தக்கை அமிழாமல் மேலே உயர்ந்து படுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் சுண்டுங்கள். இதில் நம் கைதான் முள்ளைத் தைக்கிறது. ஆகவே மக்காச்சோளத்தை 10ஆம் எண் முள்ளில் நேராகக் குத்தலாம், முனை மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

இந்தச் சின்ன எடைகளைக் கரையில் சிந்தவிடாதீர்கள். அன்னங்கள் விழுங்கி ஈய நஞ்சில் செத்ததால்தான் பிரிட்டன் 1987இல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈய எடைகளுக்குத் தடை போட்டது. டங்ஸ்டன் எடைகள் கிடைத்தால் அவையே மேல்.

வெயிலில் மேல்நீரில் மிதக்கும் மீனுக்கு ரொட்டி மேலோடு. முதலில் முள்ளில்லாத துண்டுகளைப் போட்டுத் தின்னப் பழக்குங்கள். பயமில்லாமல் இரண்டாவது, மூன்றாவது துண்டையும் எடுக்கும்போது முள் உள்ளதை அனுப்புங்கள். வாய் திறந்ததும் சுண்டினால் இரை பறந்து வரும். உதடு மூடி நரம்பு நகரும்வரை பொறுங்கள்.

கடி முதல் கரை வரை

நரம்பு ஒருமுறை துடித்து அடங்கினால் பெரும்பாலும் மீனின் உடல் உரசியது; கோலைத் தொடாதீர்கள். நிற்காமல் ஓடினால் மாட்டிவிட்டது. நரம்பு திடீரென்று தொய்ந்தால் மீன் ஈயத்தோடு கரையை நோக்கி வருகிறது. வேகமாகச் சுருட்டித் தொடர்பைப் பிடியுங்கள். ஹேர் ரிக்கில் பலமாகச் சுண்ட வேண்டியதில்லை, கோலைத் தூக்கினாலே போதும்.

டிராக்கை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். மீன் செடியை நோக்கிப் போனால் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். மேல்நோக்கி இழுப்பதைவிட இது அதன் தலையைச் சீக்கிரம் திருப்பும். கரைக்கு அருகில் டிராக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே நரம்பு குட்டையாக இருப்பதால் நீண்டுகொடுக்காது. கடைசி ஓட்டத்தில்தான் முள் பிய்த்துக்கொண்டு போகும்.

கைவலையை முன்பே நீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வைத்து, மீனை அதன்மேல் இழுத்து வாருங்கள். வலையால் மீனைத் துரத்தினால் முள் வலைக்கண்ணியில் மாட்டும், மீன் கழன்றுவிடும்.

நனைத்த விரிப்பின் மேல், நனைத்த கையால் மட்டும் மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். நோயைத் தடுப்பது அந்தப் படலம்தான். திரும்ப விடுவதானால் நீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். விடலாமா கூடாதா என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் கார்ப்பை உயிரோடு நீரில் திரும்ப விடுவது சட்டப்படி குற்றம். உரிமம், கோல்களின் எண்ணிக்கை, தூவும் தீனிக்குத் தடை உண்டா என்பதையெல்லாம் ஏரிக்குப் போகும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வீசும் முன் முள் நரம்பை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் புதிய கட்டு. பிறகு முள் முனையை மீண்டும் நகத்தில் வையுங்கள்.